முன்கூட்டியே வருந்தியவர்

"ஏம்மா, உங்க ஆளுங்க மட்டும் ஏன் எப்பவும் இப்படி இருக்காங்க?"

ஏழாம் வகுப்பில் பூகோள டீச்சர் என்னைக் கேட்ட கேள்வி இது. அதற்கு முந்தின நாள், வரைபடத்தில் அவரே தேடிப் பிடிக்க வேண்டிய ஓர் ஊரில், யாரோ ஒருவன் ரயிலில் இன்னொருவனை அடித்துவிட்டானாம். அடித்தவன் உட்கார்ந்து வணங்குகிறவன். எங்கள் வீட்டிலும் உட்கார்ந்துதான் வணங்குவோம். வகுப்பில் அப்படிப்பட்ட பெண் நான் ஒருத்திதான் என்பதால் கேள்வி வழி தவறாமல் நேராக என்னிடம் வந்து சேர்ந்தது. நான் எழுந்து நின்றேன். "பாத்தீங்களா, பதிலே இல்ல" என்று டீச்சர் மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடத்தை ஆரம்பித்தார். அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

எங்கள் ஊரில் இரண்டு விதமான மனிதர்கள் உண்டு. கடவுள் ஒருவர்தான், வேண்டுதலும் ஒன்றுதான், சொல்கிற வார்த்தைகளும் அவையே. ஒரு கூட்டம் அவற்றை நின்றுகொண்டு சொல்லும், இன்னொரு கூட்டம் உட்கார்ந்துகொண்டு சொல்லும். நிற்கிறவர்கள் நிறையப் பேர். உட்காருகிறவர்கள் கொஞ்சம் பேர். கடவுள் இரண்டு பேரையும் ஒரே உயரத்திலிருந்துதான் பார்க்கிறார் என்று இரண்டு கூட்டத்தின் புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது. நிற்கிறவர்கள் வணங்கி முடித்தபின் மற்ற எல்லாவற்றுக்கும் உட்கார்ந்துகொள்வார்கள். சாப்பிட, கையெழுத்துப் போட, தீர்ப்புச் சொல்ல. நாங்கள் வணங்கி முடித்தபின் மற்ற எல்லாவற்றுக்கும் நிற்போம், பெரும்பாலும் வரிசையில்.

டீச்சர் கேட்ட கேள்வியை அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பஸ் கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது கேட்பார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கருவியை வைத்துவிட்டுக் கேட்பார். இதில் ஒழுங்கே இல்லை என்பது அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தது. ஒருவரையே பலர் கேட்டுவிடுகிறார்கள், சிலரை யாருமே கேட்பதில்லை, இது அநியாயம் இல்லையா. அதனால் பொது வருத்தத் துறை என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இனிமேல் தெருவில் யாரும் கேட்க வேண்டாம், நாங்களே கூப்பிட்டு வைத்துக் கேட்டுக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஆட்களில் பலர் இதை வரவேற்றார்கள். பல்வலி உள்ளவர்கள் ரொம்பவே வரவேற்றார்கள்.

அப்பாவுக்குப் பூட்டு வேலை. கடை என்றால் ஒரு மேசை, அரம், சாவி வெட்டுகிற மெஷின், மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். சாவியைத் தொலைத்தவர்களும் கதவு தானாகச் சாத்திக்கொண்டவர்களும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறக்கிற தொழில் என்பதால் அதற்கு நம்பிக்கை அட்டை வேண்டும். நிற்கிறவர்களுக்கு அட்டை தேவையில்லை, அவர்களிடம் நம்பிக்கை பிறக்கும்போதே இருக்கிறது. எங்களுக்குத் துறை தரும். எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து வணங்குகிற எவனாவது ஏதாவது செய்துவிட்டால் அந்த நிமிடமே எங்கள் எல்லோருடைய அட்டையும் செத்துவிடும். துறைக்குப் போய் வருத்தம் தெரிவித்து முத்திரை வாங்கினால் மறுபடி உயிர் வரும். செத்த அட்டையோடு அடுத்தவர் கதவில் கை வைத்தால் அதற்குச் சட்டத்தில் திருட்டு என்று பெயர்.

அட்டை செத்த செய்தி ஃபோனில் வரும். "ஒரு சம்பவம் நடந்துள்ளது. நீங்கள் வருந்துகிறீர்கள். உடனே வரவும்."

ஒருமுறை ஒரு வீட்டில் குழந்தை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டது. அப்பா பூட்டைப் பாதி கழற்றியிருந்தபோது ஃபோன் கத்தியது. அந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, உங்க அட்டை செத்துடுச்சா?"

"ஆமாங்க. இதோ, குழந்தையை வெளியே எடுத்துவிட்டுட்டுப் போயிடறேன்."

"இல்லங்க, எதுக்கு வம்பு. நீங்க போய் முத்திரை வாங்கிட்டு வந்துடுங்களேன். பாப்பா உள்ள பாடிக்கிட்டுதான் இருக்கா."

அப்பா ஓடினார். பள்ளிக்கூடம் போகாததால் எனக்கு நேரம் நிறைய இருந்தது, அப்பாவுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டிருந்தது. அதனால் இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் நானும் கூடப் போவேன்.

துறையின் காத்திருக்கும் கூடம் பெரியது. நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. முதல் தடவை போனபோது வயதான ஒருவர் அதைப் பற்றிக் கேட்டார். நாற்காலி போட்டால் அது ஒரு குறிப்பிட்ட மதத்துக்குச் சலுகை காட்டியதாகிவிடும், துறை எல்லா மதத்துக்கும் பொதுவானது என்று காவலாளி விளக்கினார். அவர் அதை உட்கார்ந்தபடி விளக்கினார்.

கவுண்டரில் இருந்தவர் அப்பாவைப் பார்க்காமலே கேட்டார்.

"எதுக்கு வந்தீங்க?"

"வருத்தம் தெரிவிக்கங்க."

"எதுக்கு வருத்தம்?"

"அதை இங்கதான் சொல்லுவீங்கன்னு வந்தேன்."

அவர் திரையைத் தடவிப் பார்த்தார். "வடக்குல ஒரு பாலத்து மேலேர்ந்து ஒருத்தன் கல்லெறிஞ்சிருக்கான். அவனைத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சொந்தக்காரனா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் வருத்தப்படறீங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க வரச் சொன்னீங்களே."

"நாங்க சொன்னதாலயா வருத்தம்? அப்ப அது தானா வந்த வருத்தம் இல்லையே. தானா வந்ததுக்குத்தான் இங்க முத்திரை."

"தானா வந்ததுதாங்க."

"எப்ப வந்துச்சு?"

"பஸ்ல வரும்போதுங்க. பாலம் தாண்டறப்ப."

பாலம் என்ற வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த கவுண்டருக்குப் போகச் சொன்னார். அங்கே அளவுக்காரம்மா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர் மர ஸ்கேலோடு இருப்பார். தலையை எவ்வளவு தூரம் குனிகிறோம் என்று அளப்பது அவர் வேலை. லேசாகக் குனிந்தால் சாதாரண வருத்தம், தாடை நெஞ்சில் பட்டால் ஆழ்ந்த வருத்தம். ஆழ்ந்த வருத்தத்துக்குத்தான் முத்திரை கிடைக்கும். முப்பது வருடமாகப் பூட்டுக்குள் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து அப்பாவின் கழுத்து வளைந்தே போயிருந்தது. அவர் சும்மா நின்றாலே ஆழ்ந்த வருத்தம்தான்.

"இவரைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார் அளவுக்காரம்மா வரிசையைப் பார்த்து. "எவ்வளவு மனசு நொந்திருந்தா இந்தக் குனிவு வரும்."

அப்பாவுக்குப் பின்னால் நின்ற வக்கீலுக்குக் கழுத்து குனியவே மாட்டேனென்றது. அவரை வீட்டுக்குப் போய்ப் பழகிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

நாங்கள் திரும்பிப் போனபோது அந்தக் குழந்தை பாடுவதை நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருந்தது. அப்பா கதவைத் திறந்துவிட்டார். இவ்வளவு நேரமா என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார்.

நிற்கிறவர்கள் குற்றமே செய்வதில்லையா என்று கேட்கலாம். செய்வார்கள். அதற்கு அதே கட்டடத்தில் தனிநபர் விளக்கப் பிரிவு இருக்கிறது. அங்கே மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு. நிற்கிறவர் ஒருவர் தவறு செய்துவிட்டால் அவருடைய சின்ன வயதையும், தூக்கமின்மையையும், அந்த வார வெயிலையும் ஆராய்ந்து, அவர் ஏன் அப்படிச் செய்ய நேர்ந்தது என்று அன்பாக ஒரு விளக்கம் எழுதுவார்கள். அப்பா ஒருநாள் வழி தெரியாமல் அந்தப் பிரிவுக்குள் போய்விட்டார். அங்கிருந்தவர் கையைப் பிடித்து மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார். "இது தனிநபருக்குங்க. நீங்க சமூகம். உங்களுக்கு அந்தப் பக்கம்" என்றார். அப்பா தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மெலிந்த மனிதர். அத்தனை பேர் தனக்குள் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

கோடை முடியும்போது துறையின் இயக்குநர் எங்கள் எல்லோரையும் கூட்டினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"நண்பர்களே, நாங்க யாரையும் குற்றம் சாட்டறது கிடையாது. குற்றம் சாட்ட ஆதாரம் வேணும், ஆதாரம் தேட நாளாகும். வருத்தத்துக்கு ஆதாரம் வேண்டாம். அதுக்காகத்தான் இந்தத் துறையையே வச்சிருக்கோம். ஆனா இதுலயும் ஒரு தாமதம் இருக்கு. சம்பவம் நடக்குது. நாங்க கூப்பிடறோம். நீங்க பஸ் பிடிச்சு வர்றீங்க, வரிசைல நிக்கறீங்க. அதுக்குள்ள பொதுமக்களோட கோபம் ஆறிப்போயிடுது. ஆறின கோபத்துக்கு மேல வருத்தம் தெரிவிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்? அதனால இனிமே வருத்தம் முதல்ல, சம்பவம் பிறகு. இதுக்குப் பேரு முன்வருத்தத் திட்டம்."

ஒருமுறை முன்வருத்தம் பதிவு செய்துவிட்டால் வருடம் முழுவதும் அட்டை சாகாது என்றும் சொன்னார். கூடத்தில் சந்தோஷமான ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அப்பா கையைத் தூக்கினார். "ஐயா, நாங்க வருத்தப்பட்டுட்டு, அப்புறம் சம்பவமே நடக்கலைன்னா?"

இயக்குநர் புன்னகைத்தார். "அப்படி நினைக்காதீங்க பெரியவரே. உங்க ஆளுங்க மேல எங்களுக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை இருக்கு. நடக்கும்."

முதல் பதிவுக்கு அப்பாவையே தேர்ந்தெடுத்தார்கள். கழுத்துதான் காரணம். புகைப்படம் எடுத்தார்கள். படிவத்தில் இடம் என்ற கட்டத்தில் எங்கள் தெருவை எழுதினார்கள். வருத்தம் என்பதில் முழுமையானது என்று எழுதினார்கள். சம்பவம் என்பதைக் காலியாக விட்டார்கள்.

"இதுல என்னங்க வரும்?" என்று கேட்டார் அப்பா.

"அது எங்க வேலை. நீங்க கவலைப்படாதீங்க."

அப்பா கையெழுத்துப் போட்டார். குளியலறையில் அழுத அந்தக் குழந்தையை நினைத்துத்தான் போட்டதாக வீட்டுக்கு வரும்போது என்னிடம் சொன்னார்.

எங்கள் தெரு முனையில் ஒரு மருந்துக்கடை உண்டு. நடத்துகிறவர் நின்று வணங்குகிற ஒரு அக்கா. கணவர் இறந்தபின் கடையைத் தனியாகவே பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோனால் அவரே வந்து கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய கொழுந்தனைத் தெருவில் குட்டி முதலாளி என்று கூப்பிடுவார்கள். அண்ணன் இருந்த காலத்தில் மதிய நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டுவானாம். அண்ணன் போனபின் கடை தனக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். அக்கா கொடுக்கவில்லை. ஒருநாள் விடிகிற நேரத்தில் பின்பக்கச் சன்னல் வழியாகப் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டான். பால்காரர் பார்த்தார், பேப்பர் போடுகிறவர் பார்த்தார், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் பார்த்தார்கள். அவனும் எதையும் மறைக்கவில்லை. வெந்த காலோடு நொண்டி நொண்டிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, "நான்தான் கொளுத்தினேன். அது எங்க அண்ணன் கடை, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

அக்கா அலறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். ஷட்டர் பூட்டு சூட்டில் இறுகிப்போய்த் திறக்கவில்லை. அப்பா கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அதைத் திறந்துவிட்டார். அட்டை உயிரோடு இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. எதை முதலில் எடுக்கட்டும் என்று அக்காவைக் கேட்டார். உள்ளேயிருந்து எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துத் தெருவில் வைத்தோம். பாதிக்கு மேல் சாம்பலாகிவிட்டது. அக்கா சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் கொழுந்தன்தான் அண்ணே. நேத்து வந்து சொல்லிட்டுத்தான் போனான். சும்மா மிரட்டறான்னு நினைச்சேன்."

நான் வாளியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மதியம் ஃபோன் கத்தியது. "ஒரு சம்பவம் நடந்துள்ளது. நீங்கள் ஏற்கெனவே வருந்திவிட்டீர்கள். நன்றி." அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். கீழே இன்னொரு வரி இருந்தது. நான் படித்துச் சொன்னேன். "விசாரணைக்கு வரவும்."

விசாரணை அதிகாரிக்கு முன்னால் பெரிய மேசை. அப்பா நின்றார், நான் அவர் பின்னால் நின்றேன்.

"மருந்துக்கடை எரிஞ்சதுக்கு நீங்க வருத்தம் பதிவு பண்ணியிருக்கீங்க."

"எதுக்குன்னு அதுல போடலைங்களே. காலியால்ல இருந்துச்சு."

"இப்ப நிரப்பிட்டோம். வருத்தம் போன மாசம் பதிவாகியிருக்கு. கடை எரிஞ்சது இன்னைக்கு. அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்."

"முன்னாடியே வருத்தப்படச் சொன்னதே நீங்கதானே ஐயா."

"வருத்தப்படத்தான் சொன்னோம். தெரிஞ்சு வச்சுக்கச் சொல்லலையே."

"கொளுத்தினது அவங்க கொழுந்தனுங்க. அவரே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டாரு. அவரு நின்னு வணங்கறவரு."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். புரியாத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகப் பேசினார்.

"பாருங்க. நிக்கிறவர் ஒருத்தர் தீ வச்சா அது குடும்ப விஷயம். குடும்ப விஷயத்துக்கு எந்தச் சமூகமும் வருத்தப்படாது. இங்க ஒரு சமூகமே வருத்தப்பட்டிருக்கு. அப்ப இது குடும்ப விஷயம் இல்ல. குடும்ப விஷயம் இல்லைன்னா, வச்சவர் நிக்கிறவர் இல்ல."

அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதிகாரி சொன்னார். இரண்டாம் தடவையும் அது பிசகாமல் வந்தது.

ஸ்டேஷனிலிருந்தும் அறிக்கை வந்துவிட்டது. சந்தேக நபர் பிடிபட்டபோது பெஞ்சில் உட்கார்ந்த நிலையில் இருந்தார். எழுந்து நிற்கச் சொல்லப்பட்டது. கால் வெந்திருப்பதாகக் காரணம் காட்டி நிற்க மறுத்தார். குட்டி முதலாளி, "யோவ், நான் பரம்பரையா நிக்கிறவன்யா" என்று கத்தியதையும் அறிக்கையில் சேர்த்திருந்தார்கள். மாட்டிக்கொண்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பக்கத்தில் குறிப்பும் இருந்தது.

தெருவில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. "அவன் ஒரு மாதிரின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் பால்காரர். "சின்ன வயசுலயே பஸ்ல ஏறினா சீட்டுக்குத்தான் முண்டியடிப்பான்."

அவன் எங்கள் ஆள் என்று முடிவானதும் மறுநாளே அவனை விட்டுவிட்டார்கள். சமூகமே பொறுப்பேற்றுக்கொண்டபின் ஒரு தனி ஆளைப் பிடித்து வைப்பது நியாயமில்லை என்றார் இயக்குநர். அவனும் வெளியே வந்தபின் பரம்பரையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

அப்பாவின் விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. விசாரணையன்றே அவருடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் ஒரு வழி சொன்னார். நகர மண்டபத்தில் ஒரு விழா. அப்பா மேடையேறி, கடையை இழந்த அக்காவிடம் சமூகத்தின் சார்பில் வருத்தத்தை வாசிக்க வேண்டும். அக்கா மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், முன்கூட்டியே தெரிந்தவர் என்று பதிவாகியிருக்கும் அப்பா முன்கூட்டியே வருந்தியவர் என்று மாற்றப்படுவார். அட்டையும் திரும்பக் கிடைக்கும். வாசிக்காவிட்டால் அட்டை இனி என்றைக்கும் இல்லை, தெரிந்தவர் தெரிந்தவராகவே இருப்பார், அவரை எங்கே வைப்பது என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

அக்காவுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். குடும்பத் தகராறில் எரிந்த கடைக்கு நிவாரணம் கிடையாது. இன்னொரு சமூகம் எரித்த கடைக்கு உண்டு. பஸ் நிலையத்துக்குள்ளேயே புதுக் கடை, அதற்கான உத்தரவு ஓர் உறையில் தயாராக இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் நாங்கள் வணங்கப் போகிற கூடத்தின் தலைவர் வீட்டுக்கு வந்தார். துறையிடம் சிறந்த வருத்தத்துக்கான பட்டயம் வாங்கியவர்.

"நாம நல்லா வருத்தப்படற ஆளுங்கன்னு வெளியூர் வரைக்கும் பேரெடுத்திருக்கோம்" என்றார் அப்பாவிடம். "அதை நீ கெடுத்துடாத. அதுவும் இல்லாம, அந்தப் பையனை நம்மாளுன்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க. கணக்கெடுப்புல ஒரு தலை கூடுது. சும்மா வருமா இதெல்லாம்?"

அவர் போனபின் அம்மா சொன்னார், "படிச்சிட்டு வந்துடுங்களேன். நாலு வரிதானே."

"படிக்கறதுல ஒண்ணும் இல்ல. பாலத்துல கல்லெறிஞ்சவனுக்கே படிச்சவன் நான். வேற யார் முன்னாடி வேணா படிச்சிடுவேன். அந்தப் பொண்ணு முன்னாடி எப்படிப் படிக்கறது? அதுக்குத் தெரியும். அதுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்ச ஊரே சும்மாத்தான் இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அப்பா அரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வெட்டுவதற்குச் சாவி எதுவும் இல்லாததால் அதையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. நிற்கிறவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் சுவர் ஓரமாக நின்றோம். முன்வரிசையில் அக்காவின் மாமியாரும், அவருக்குப் பக்கத்தில் காலில் கட்டோடு குட்டி முதலாளியும் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதால் அவர்களுக்கு முன்வரிசை. மேடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அக்கா உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அப்பாவின் அட்டையும் முத்திரைக் கட்டையும் தயாராக இருந்தன.

இயக்குநர் பேசினார். "இன்னைக்கு ஒரு நல்ல நாள். குற்றம் யார் செஞ்சாங்கன்னு தேடிக்கிட்டு நாம நேரத்தை வீணாக்கல. அதுக்கு முன்னாடியே வருத்தம் கையில இருந்தது. வருத்தம் இருக்கற இடத்துல குற்றவாளி தானா வந்து சேர்ந்துடுவான்னு இந்தத் திட்டம் நிரூபிச்சிருக்கு. இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. நம்ம ஊர்ல நிக்கிறவங்க இந்த வருஷமும் ஒரு குற்றம்கூடச் செய்யல."

எல்லோரும் கைதட்டினார்கள். குட்டி முதலாளியும் தட்டினான். பிறகு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல நிறுத்திக்கொண்டான்.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். அளவுக்காரம்மா அன்றைக்கு நல்ல உடுப்பில் வந்திருந்தார். அப்பா மைக்குக்கு முன்னால் வந்ததும் ஸ்கேலை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டி ஒப்புதல் தந்தார். எழுத்தைப் பெரிதாக அடித்த தாளை அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா வாசிக்க ஆரம்பித்தார். அவர் குரல் மைக்கில் யாரோ வேறொருவருடையது போலக் கேட்டது.

"எங்களில் ஒருவன் உங்கள் கடைக்குத் தீ வைத்ததற்காக..."

அங்கே நின்றுவிட்டார். தாளை ஒருமுறை கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், அடுத்த வரி எங்கே என்று தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த வளைந்த கழுத்தைக் கஷ்டப்பட்டுத் தூக்கி அக்காவைப் பார்த்தார்.

"இதுல 'எங்களில் ஒருவன்'னு போட்டிருக்கும்மா. இது சரிதானா? எனக்கு விவரம் தெரியல. நீ சரின்னு சொல்லு, நான் மீதியைப் படிச்சிடறேன்."

அப்பா கிண்டலாகக் கேட்கவில்லை. சூட்டில் இறுகின பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளே எதை முதலில் எடுக்கட்டும் என்று அன்றைக்கு எப்படிக் கேட்டாரோ அப்படித்தான் கேட்டார். அளவுக்காரம்மா இயக்குநரின் காதில், "சார், தலை நிமிர்ந்துடுச்சு" என்றார். இயக்குநர் எழுந்து வந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"பரவாயில்ல, பெரியவர் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு. அம்மா, நீங்க நேரா உங்க பதிலைச் சொல்லிடுங்க. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை போதும். மன்னிக்க மாட்டேன்னு சொன்னாலும் அதுக்கும் விதி இருக்கு, எல்லாரையும் மறுபடி ஒரு தடவை வருத்தப்பட வச்சிடலாம். எதுவா இருந்தாலும் மைக்ல சொல்லுங்க, பதிவாகணும்."

மாமியார் முன்வரிசையிலிருந்து, "சொல்லிடும்மா, ஊரே காத்துக்கிட்டிருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். குட்டி முதலாளி தன் கால்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கை அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் மூச்சு விடுவது மண்டபம் முழுவதும் கேட்டது. அவர் அப்பாவைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தார். உறையை எடுத்து ஓரத்தை நகத்தால் நீவிவிட்டார்.

பிறகு எழுந்தார். நாற்காலி சரிந்தது, யாரோ பிடித்தார்கள். மேடைப் படிகளில் இறங்கி முன்வரிசைக்கு வந்து, குட்டி முதலாளிக்கு எதிரே நின்றார். உறையை அவன் மடியில் வைத்தார். அவன் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. மாமியார் அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை.

"அம்மா, இது பதிவாகலையே" என்றார் இயக்குநர் மைக்கில். "பேசாம இருக்கறதுக்கு விதி இல்லம்மா."

அப்பா தாளோடு மேடையிலேயே நின்றுகொண்டிருந்தார். அட்டைக்கு மேலே முத்திரைக் கட்டையைத் தூக்கிப் பிடித்திருந்த துறை ஊழியர் அதை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் இயக்குநரைப் பார்த்தார், இயக்குநர் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். சுவர் ஓரமாக நின்ற எங்களைக் கடந்து, கதவைத் தானே தள்ளித் திறந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போனார்.